லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட்: கெட்டுப்போன கணினியை நேற்றைய நிலைக்குக் கொண்டுவருதல்

கிராபிக்ஸ் டிரைவர் ஒன்றைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்த இரவில், என் கணினியில் கறுப்புத் திரையைத் தவிர வேறெதுவும் வரவில்லை. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துடன் 18.3 பதிப்பிலிருந்தே வரும், கணினியின் நிலையை நகலெடுத்து வைத்துப் பின்னர் மீட்டுத்தரும் டைம்ஷிஃப்ட் செயலியை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

மெனுவிலிருந்து டைம்ஷிஃப்ட்டைத் திறந்தால் அமைவு வழிகாட்டி தோன்றும். ஆர்சிங்க் (rsync), பிடிஆர்எஃப்எஸ் (btrfs) என்னும் இரண்டு நகலெடுப்பு முறைகளில் ஆர்சிங்க்கைத் தேர்ந்தெடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் நொடியில் வேலையை முடித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் நகலும் அதே வட்டில்தான் இருக்கும், வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்து, ஸ்னாப்ஷாட்டை, அதாவது கணினியின் அந்நேர நிலையின் நகலை, எங்கே சேமிப்பது என்று கேட்கும். நான் அரை நாளை இழந்தது இங்கேதான். புதிதாக வாங்கிய வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியும் டைம்ஷிஃப்ட் அதை ஏற்க மறுத்தது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பயனில்லை. கடைகளில் விற்கும் வட்டுகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். ஆர்சிங்க் முறைக்கோ லினக்ஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வடிவம்) வேண்டும். மாறாத கோப்புகளை அது மீண்டும் நகலெடுக்காமல், முந்தைய ஸ்னாப்ஷாட்டில் உள்ளவற்றையே ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) வழியாகச் சுட்டுகிறது. ஒவ்வொரு கோப்பும் யாருக்கு உரியது, யாருக்கு என்ன அனுமதி என்பதையும் அப்படியே காக்கிறது. ஆகவே டிஸ்க்ஸ் செயலியில் அந்த வட்டை எக்ஸ்ட்4 (ext4) என்னும் லினக்ஸ் கோப்பு முறைமைக்கு ஃபார்மட் செய்யுங்கள். அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், வேறு கோப்புகள் இருந்தால் முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். முதல் ஸ்னாப்ஷாட் பல ஜிபி இடம் பிடிக்கும்; அடுத்தடுத்தவை மாறியவற்றுக்கு மட்டுமே இடம் கேட்கும்.

கால அட்டவணையில் நான் வைத்திருப்பது நாளுக்கு ஒன்றாக மூன்று, வாரத்துக்கு ஒன்றாக இரண்டு. வீட்டுக் கணினிக்கு மணிக்கொரு ஸ்னாப்ஷாட் வீண்.

பயனரின் ஹோம் அடைவு இயல்பாகவே விலக்கப்பட்டிருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால், கணினியைச் சென்ற வாரத்துக்குத் திருப்பும்போது நேற்று எழுதிய கடிதமும் சென்ற வார நிலைக்கே போய்விடும். ஆவணங்களைத் தனியே நகலெடுப்பதே முறை.

திரை வரும் நிலையில் மீட்பது எளிது: ஒரு ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் பொத்தானை அழுத்தினால் போதும். திரையே வராவிட்டால், மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அங்குள்ள டைம்ஷிஃப்ட்டைத் திறங்கள். பட்டியல் காலியாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். உங்கள் வெளி வட்டை அதற்கு இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான். சேமிப்பிடமாக அதைக் குறித்ததும் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் தோன்றும். எந்தப் பார்ட்டிஷனில் (வட்டின் பகுதியில்) மீட்பது என்று கேட்கும்போது மட்டும், அதன் அளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப் (GRUB) தொடர்பான தெரிவுகளை இருந்தபடியே விட்டுவிடலாம்.

பிற்சேர்க்கை: வெளி வட்டு ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஹோம் அடைவுக்கு வெளியே அவர் வைத்திருந்த மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பு தினமும் மாறியதால், ஒவ்வொரு முறையும் அது முழுதாக நகலெடுக்கப்பட்டிருந்தது. அமைப்புகளில் ஃபில்டர்ஸ் பகுதிக்குச் சென்று அந்த அடைவை விலக்கி, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை டைம்ஷிஃப்ட்டின் வழியாகவே நீக்கியதும் இடம் மீண்டது.