மென்ஸ்ட்ருவல் கப்: முதலில் வெளியே எடுக்கப் பழகுங்கள்

மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க யோனிக்குள் வைத்துக்கொள்ளும் சின்ன, மென்மையான கிண்ணம்தான் மென்ஸ்ட்ருவல் கப். அதை வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கும் தோழிகள் எனக்கு உண்டு. ஏன் என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "உள்ளே போய்விடும் சரி, வெளியே வரவில்லை என்றால்?" அதனால் யார் கேட்டாலும் நான் வெளியே எடுப்பதிலிருந்துதான் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பேன். பயம் இருந்தால் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்ளும். இறுகிய தசைக்குள் எதை வைத்தாலும் வலிக்கும்.

கப் உள்ளே தொலைந்துபோகாது. யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது. அதிலுள்ள துளை மிகச் சிறியது, கப் அதைத் தாண்ட முடியாது. சில நேரம் விரலுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

என் தங்கை முதல்முறை எடுக்கும்போது நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். "அக்கா, வரமாட்டேங்குது" என்றாள். குரலிலேயே பதற்றம். "விட்டுடு, வெளியே வந்து தண்ணி குடி, கொஞ்சம் நட" என்றேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி போனாள். குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னேன். அப்படி உட்காரும்போது கப் கைக்கு அருகில் வரும். மூச்சை மெதுவாக விட்டபடி, மலம் கழிக்கும்போது முக்குவது போல லேசாக முக்கச் சொன்னேன். கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு விரலில் பட்டது. இங்கேதான் கவனம் வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதைத் தொட்டுக்கொண்டே விரல்களை மேலே கொண்டுபோனால் கப்பின் அடிப்பாகம் தட்டுப்படும். அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நன்றாக அழுத்தினால் காற்று புகுந்து பிடிப்பு விட்டுப்போகும், சில சமயம் சின்னதாகச் சத்தம்கூட வரும். பிறகு கப்பைக் கொஞ்சம் சாய்த்து, விளிம்பின் ஒரு பக்கத்தை முதலில் வெளியே விட்டு, அடுத்த பக்கத்தை எடுக்க வேண்டும். பிடிப்பு விடாமல் இழுத்தால் கருப்பை வாயும் சேர்ந்து இழுபடும். அந்த வலி யாருக்கும் வேண்டாம்.

இது புரிந்துவிட்டால் உள்ளே வைப்பது சுலபம். முதல்முறை பயன்படுத்தும் முன், கப் பாத்திரத்தின் அடியில் ஒட்டாத அளவுக்குத் தண்ணீர் விட்டு 5 நிமிடம் கொதிக்கவையுங்கள். வீட்டில் இருக்கும் ஒரு நாளில், ரத்தப்போக்கு நன்றாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். மாதவிடாய் இல்லாத நாளில் ஒத்திகை பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. உலர்ந்திருக்கும்போது உராய்வு அதிகம். வலித்தால் ஆசையே விட்டுப்போகும்.

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கப்பின் விளிம்பில் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அடிவரை அமுக்கினால் முனை குறுகிவிடும். புதியவர்களுக்கு இந்த மடிப்பைத்தான் நான் சொல்வேன். தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். தொப்புளை நோக்கி நேர்மேலே தள்ளாதீர்கள். பாதை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதனால் வால் எலும்பை நோக்கித் தள்ளுங்கள். பாதிப் பேருடைய வலி இந்தத் திசையை மாற்றினாலே போய்விடும் என்பது என் கணிப்பு. உள்ளே போனதும் விட்டுவிடுங்கள், விரிந்துகொள்ளும். அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு விரலை ஓட்டிப்பாருங்கள். எங்காவது மடிப்பு தட்டினால் அடியைப் பிடித்து லேசாகத் திருப்புங்கள்.

சரியாக உட்கார்ந்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. காம்பு குத்தினால், கப்பை வெளியே எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பாருங்கள். நான் நகவெட்டியால் வெட்டினேன். சிறுநீர்ப்பை அழுந்துவது போல இருந்தால் இன்னும் மென்மையான கப் உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் மிக மென்மையானது எளிதில் விரியாது, ஆரம்பத்துக்கு நடுத்தரமே நல்லது. நீளத்தைத் தேர்ந்தெடுக்க, மாதவிடாய் நாளில் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மூக்கு நுனி போல உருண்டையாகத் தட்டுப்படுவதுதான் கருப்பை வாய். ஒரு கணு உள்ளே போனதுமே தட்டுப்பட்டால் குட்டையான கப் வாங்குங்கள்.

கசிந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டு: கப் முழுதாக விரியவில்லை, அல்லது கருப்பை வாய்க்குக் கீழே இல்லாமல் அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. பழகும்வரை கூடவே ஒரு பேட் வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று வந்தது. கப் பேடைவிடக் கூடுதலாகக் கசிவதில்லை என்றும், பழகச் சில மாதவிடாய்ச் சுழற்சிகள் ஆகும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முதல் மாதமே சரியாக வரவில்லை என்று தூக்கிப்போட வேண்டாம்.

திருமணமாகாதவர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கன்னித்திரை கொஞ்சம் நெகிழலாம், ஆனால் அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதை யாராவது உங்களிடம் கேள்வியாகக் கேட்டால் கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்.

காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், கப்பை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடக்கூடும். எத்தனை மணி நேரம் உள்ளே வைத்திருக்கலாம் என்பதை உங்கள் கப்போடு வரும் தாளில் பாருங்கள், 12 மணி நேரத்துக்கு மேல் எதையும் விடக் கூடாது. கப் வைத்திருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மிக அரிதுதான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

அப்புறம் சுத்தம். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத மென்மையான சோப்பு போடலாம். விளிம்புக்குக் கீழே இருக்கும் குட்டித் துளைகளில் ரத்தம் தங்கும். கப்பைத் தண்ணீரால் நிரப்பி, உள்ளங்கையால் மூடி அமுக்கினால் துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு வந்து சுத்தமாகிவிடும். மாதவிடாய் முடிந்ததும் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, துணிப்பையில் வையுங்கள். காற்றுப் புகாத டப்பா வேண்டாம். நிறம் மாறினால் பரவாயில்லை. விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் புதிது வாங்குங்கள்.