கனடாவின் வடகோடிப் பூர்வகுடி ஊர்களில் செய்தி சேகரிப்பு: ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுனாவுட் கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதி; அங்கே பெரும்பான்மையினர் இனுயிட் மக்கள். அதில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. தெற்கிலிருந்து வரவும் கிடையாது. ஒட்டாவாவிலிருந்து தலைநகர் இக்கலூயிட்டுக்கு மூன்று மணி நேர விமானப் பயணம். போக வர 2,000 கனடிய டாலரைத் தாண்டுவது சாதாரணம். அங்கிருந்து பாண்ட் இன்லெட்டுக்கோ கிரைஸ் ஃபியோர்டுக்கோ போக இன்னொரு டிக்கெட். ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கில் கிரீ, ஓஜி-கிரீ பூர்வகுடி மக்கள் வாழும் ஊர்கள் பலவற்றுக்கும் ஆண்டின் பெரும்பகுதி விமானம்தான் வழி. கடுங்குளிரில் சில வாரங்கள் மட்டும் உறைந்த ஏரிகள் மேல் குளிர்காலச் சாலை போடுவார்கள்.

ஃப்ரீலான்ஸ்காரர் செய்யும் தவறுகளில் பாதி இந்த டிக்கெட்டில்தான் தொடங்குகின்றன. இவ்வளவு கொட்டிக் கொடுத்துப் போகிறோமே என்று ஒரு பத்திரிகைக் கட்டுரை, ஒரு வானொலி நிகழ்ச்சி, ஒரு படத்தொகுப்பு, போதாததற்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை வேலை என எல்லாவற்றையும் நாலே நாளில் திணிப்பார்கள். அந்த நாலு நாளில் ஒன்றைப் பனிப்புயல் விழுங்கும், இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை வழிபாடு எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இரண்டு நாளில் யாரைப் பார்த்து என்ன பேச முடியும்?

நாளைக் குறைத்துப் போடுவது

போகும் பக்கம் இரண்டு நாள், வரும் பக்கம் இரண்டு நாள் வானிலைக்கென்றே ஒதுக்குங்கள். அடுத்த விமானத்தை அதே நாளில் தனி டிக்கெட்டாக எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்குக் கொடுத்த பணம் போச்சு. புயலில் மாட்டிக்கொண்டால் விடுதிச் செலவு யாருடையது என்பதைப் பத்திரிகை ஆசிரியரிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதிலே வராது.

டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பிடியுங்கள். பல ஊர்களில் ஒரே ஒரு விடுதி. கட்டடத் தொழிலாளர்களோ சுற்று நீதிமன்றக் குழுவோ வந்திறங்கினால் இடமே இருக்காது. கூட்டுறவு விடுதிகள் சிலவற்றில் வாடகை ஆளுக்கு; முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார். பெயர் வெளியிட விரும்பாதவரின் பேட்டியை அந்த அறையில் எடுக்க முடியாது, அங்கிருந்து ஆசிரியரிடம் அதைப் பற்றித் தொலைபேசியிலும் பேச முடியாது. தனியாகப் பேச ஓர் இடத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். பள்ளியிலோ நூலகத்திலோ கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

பருவம் பார்க்காமல் போவதும் வழக்கமான தவறு. ஜேம்ஸ் விரிகுடாக் கிரீ மக்களுக்கு ஏப்ரல்-மே மாதங்களில் வாத்து வேட்டைக் காலம்; பள்ளிக்கே விடுமுறை விடுகிறார்கள். அந்த வாரங்களில் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இனுயிட் ஊர்களிலும் வசந்த காலத்தில் பாதிக் குடும்பங்கள் முகாம்களுக்குப் போய்விடும். டிசம்பரில் இக்கலூயிட்டில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். இன்னும் வடக்கே உள்ள ரெசல்யூட்டில் சூரியனே எழாது. படத்தொகுப்பு ஒப்புக்கொள்ளும்போது இதைப் பார்த்துத் தேதி சொல்லுங்கள்.

சொல்லாமல் போய் இறங்குவது

நுனாவுட் ஊர்களை நடத்துவது பொதுவான ஊராட்சி மன்றம். தெருவில் நின்று பேட்டி எடுக்கச் சட்டப்படி யார் அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் மேயருக்கும் நிர்வாக அலுவலருக்கும் இரண்டு வாரம் முன்பே கடிதம் போடுவதே மரியாதை. கிரீ போன்ற ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் வேறு கதை. 'இந்தியன் ஆக்ட்' எனப்படும் கனடாவின் பூர்வகுடிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி அங்கே அத்துமீறி நுழைவது குற்றம். தலைவரும் மன்றமும் வெளியேறச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், எந்தப் பத்திரிகைக்கு, படம் எங்கெல்லாம் வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

முதல் நாளில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்காதீர்கள். ஊர் வானொலி இருந்தால் அதில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மறுநாள் கடையில் நீங்கள் தேடாமலே ஆட்கள் வந்து பேசுவார்கள்.

ஓர் ஊரில் கற்றதை எல்லா ஊருக்கும் பொருத்துவது

கிரீ, அனிஷினாபே மூத்தோரிடம் மரபறிவு கேட்கும் முன் புகையிலை கொடுப்பது முறை. அதே புகையிலைப் பொட்டலத்தை இனுயிட் முதியவரிடம் நீட்டினால் ஏன் தருகிறீர்கள் என்று விழிப்பார். அது அவர்கள் வழக்கமல்ல. பூர்வகுடிகள் என்றால் கனடாவில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மெட்டிஸ், இனுயிட் என மூன்று தரப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் பல மொழி, பல வழக்கம். 'பூர்வகுடிப் பெண் ஒருவர்' என்று எழுதாமல் எந்த மக்கள், எந்த ஊர் என்று எழுதுங்கள். இனுயிட் மக்களை 'எஸ்கிமோ' என்று எழுத வேண்டாம் என்பதை இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைவிடச் செலவு வைக்கும் குழப்பம், பொறுப்பு யாருடையது என்பது. வட ஒன்டாரியோவில் நெஸ்கன்டகா என்ற ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஊரில் 1995இல் வந்த 'நீரைக் கொதிக்கவைத்துக் குடி' எச்சரிக்கை இருபத்தைந்து ஆண்டுகளையும் தாண்டி நீடித்தது. அங்கே கேள்வி கேட்க வேண்டியது மத்திய அரசின் பூர்வகுடிச் சேவைத் துறையை. 2021 அக்டோபரில் இக்கலூயிட் குழாய் நீரில் எரிபொருள் கலந்தபோது பதில் சொல்ல வேண்டியவர்கள் நகராட்சியும் நுனாவுட் அரசும். இரண்டும் குடிநீர்ப் பிரச்சினைதானே என்று ஒரே துறையிடம் கேள்வி அனுப்பினால், 'எங்கள் வரம்பில் இல்லை' என்ற ஒரு வரிப் பதிலோடு உங்கள் கெடு முடிந்துவிடும்.

பேட்டியில் நழுவுபவை

இனுயிட் மக்கள் 'ஆம்' என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார்கள். 'இல்லை' என்பதற்கு மூக்கைச் சுருக்குவார்கள். நேரில் தெளிவாகப் புரியும். வானொலிக்காரருக்குத் திரும்பி வந்து கேட்டால் கேள்விக்குப் பின் வெறும் மௌனம். பதில் வந்தவுடன் நீங்களே 'புருவத்தை உயர்த்துகிறீர்கள், ஆம் என்கிறீர்கள்' என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட வேண்டும். எதிர்மறைக் கேள்வியும் ஆபத்து. 'நீங்கள் போகவில்லையா?' என்றால், இனுயிட் மொழியான இனுக்டிடுட் பேசுகிறவர் 'ஆம்' என்பது 'போகவில்லை' என்ற பொருளில். நாமும் 'ஆமா, போகலை' என்கிறவர்கள்தான். ஆனால் பேட்டி ஆங்கிலத்தில் நடக்கும்போது இதை மறந்து தலைகீழாக எழுதிவிடுகிறோம். 'போனீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டபின் மௌனம் நீண்டால் நிரப்பாதீர்கள். பதில் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் வரும்.

மொழிபெயர்ப்பாளரை ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. வட்டாரத்துக்கு வட்டாரம் மொழி மாறும். நுனாவுட்டின் கேம்பிரிட்ஜ் பே, குக்லுக்டுக் ஊர்களில் இனுக்டிடுட் அல்ல, இனுயினாக்டுன் வழங்குகிறது. வருகிறவர் பேட்டி கொடுப்பவருக்கு உறவா என்று கேளுங்கள். சின்ன ஊரில் பாதிப் பேர் உறவுதான். நிலத்தகராறோ குடும்ப வன்முறையோ பேசுவதானால் வேறு ஆள் வேண்டும். மணிக்கணக்குக் கூலி, குறைந்தபட்சம் அரை நாள் என்று முன்பே பேசி, அன்றைக்கே பணமாகக் கொடுங்கள். பல ஊர்களில் வங்கி இல்லை, கடையிலுள்ள ஏடிஎம் காலியாகக் கிடக்கும். பனிவண்டியில் கூட்டிப்போகும் வேட்டைக்காரருக்கு எரிபொருள், வண்டி வாடகை, நாள் கூலி மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். செய்திக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு அடுத்தவர் பெட்ரோலில் ஓசிப் பயணம் போவது நியாயமில்லை.

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப்பள்ளிகளில் பட்ட கொடுமை, தற்கொலையில் பிள்ளையை இழந்தது போன்றவற்றைப் பற்றிய பேட்டியைக் கடைசி மாலையில் வைப்பது எல்லாத் தவறிலும் கொடியது. அவரைக் கிளறிவிட்டு நீங்கள் காலை விமானத்தில் போய்விடுவீர்கள். பல ஊர்களில் மருத்துவர் இல்லை, செவிலியர் நிலையம் மட்டும். அதுவும் வார இறுதியில் அவசரத்துக்குத்தான். இத்தகைய பேட்டியை நடுநாளில் வைத்து, முடிந்தபின் அவருடன் யார் இருப்பார்கள் என்று முன்பே கேட்டு, மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கருவியும் குளிரும்

மைனஸ் 30 டிகிரியில் பேட்டரி பாதி நேரம்கூடத் தாங்காது. உதிரி நாலு வேண்டும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். தீர்ந்ததுபோல் காட்டியது சூடேறியதும் கொஞ்சம் உயிர் பெறும். உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. கையோடுதான் கொண்டுபோக வேண்டும். சிறிய விமானங்களில் கைப்பையையும் ஏறும் இடத்தில் வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். அப்போது பேட்டரியை மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் வைக்க மறக்கிறவர்கள் ஏராளம்.

கேமராவைக் கொல்வது குளிர் அல்ல, வீட்டுச் சூடு. வெளியே உறைந்திருந்ததை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் லென்சுக்குள்ளும் நீர்த்துளி படியும்; மறுபடி வெளியே போனால் அது பனிக்கட்டி. வாசலிலேயே மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் பையில் காற்றைப் பிதுக்கி மூடி, இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். பனிவெளியில் தானியங்கி வெளிச்ச அளவீடு பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும்; வெளிச்ச அளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். பேனா மை உறையும், பென்சில் எழுதும். சட்டையில் குத்தும் மைக் நைலான் கோட்டின் சரசரப்பைத்தான் பதிவு செய்யும். ரோம உறை போட்ட, கையில் பிடிக்கும் மைக்கே மேல். பனிவண்டி இழுக்கும் கமுட்டிக் சறுக்குப்பலகைக்கு ஸ்பிரிங் கிடையாது. கருவிப் பெட்டியை அதில் நேரே கட்டாமல் கீழே தடித்த நுரைமெத்தை வைத்துக் கட்டுங்கள்.

ட்ரோன் எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க: 250 கிராமும் அதற்கு மேலும் உள்ளதற்குப் பதிவும் ஓட்டுநர் சான்றும் வேண்டும். அடிப்படைச் சான்றோடு விமான நிலையத்திலிருந்து 5.6 கிலோமீட்டருக்குள் பறக்கவிட முடியாது. இந்த ஊர்களில் ஓடுதளம் பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருக்கும். ஆக ஊருக்கு மேல் பறக்கவே முடியாமல் போகலாம். ஊருக்கு வெளியே ட்ரோன் விலங்குகளை விரட்டிவிடும் என்பதால் வேட்டையாடுவோர் சங்கத்திடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இணையத்தை நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டார்லிங்க் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் நுனாவுட் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பித்தான் இருக்கிறது. 2011 அக்டோபர் 6 அன்று அனிக் எஃப்2 என்ற செயற்கைக்கோள் செயலிழந்தபோது தொலைபேசி, இணையம், கார்டு இயந்திரம், விமானம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எழுத்தை முதலில், சிறு அளவுப் படங்களை அடுத்து அனுப்புங்கள். வீடியோ வீடு திரும்பியபின் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

முன்கூட்டியே எழுதிவைத்த கதை

2017இல் நுனாவுட்டின் சோமர்செட் தீவில் எலும்பும் தோலுமான ஒரு பனிக்கரடியின் வீடியோ எடுக்கப்பட்டது. பருவநிலை மாற்றம் என்றால் இதுதான் என்ற வரியோடு நேஷனல் ஜியாகிரஃபிக் அதை உலகெங்கும் பரப்பியது. மறு ஆண்டு அந்த இதழே, அக்கரடி ஏன் அப்படி ஆனது என்று தெரியாது, வாசகம் எல்லை மீறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. முதலிலேயே இனுயிட் வேட்டைக்காரர்கள், கிழடாகவோ நோயாகவோ இருக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

வேட்டைப் படத்தில் வேறு ஆபத்து. பனி மேல் சீல் ரத்தம் தெறித்த படம் தெற்கே போனால், படத்திலிருப்பவருக்குக் கொலை மிரட்டல் வரும். அலாஸ்காவின் கேம்பெல் கிராமத்தில் திமிங்கலம் பிடித்த ஒரு சிறுவனுக்கு 2017இல் அதுதான் நடந்தது. இறைச்சி பங்கிடப்படுவது, சமைப்பது, எத்தனை வீட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர் போடலாமா என்று படம் எடுத்தவரே கேட்க வேண்டும். அதை ஆசிரியர் பொறுப்பில் விடாதீர்கள்.

நீதிமன்றச் செய்தி

நுனாவுட் நீதிமன்றம் ஊர் ஊராகப் பறந்து வந்து வழக்கு நடத்தும். இளங்குற்றவாளிகள் பெயருக்கும், தடை விதிக்கப்பட்டால் பாலியல் வழக்கில் புகார் கொடுத்தவரின் அடையாளத்துக்கும் வெளியீட்டுத் தடை உண்டு. பெயரைத்தானே போடவில்லை என்று ஊர், வயது, வேலை, உறவுமுறை நான்கையும் எழுதினால் 900 பேர் உள்ள ஊரில் அது பெயர்தான். ஒரு பத்திரிகை குற்றம் சாட்டப்பட்டவர் பெயரைப் போட்டு, நீங்கள் உறவுமுறையைப் போட்டால், இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதே வழக்கை எழுதும் மற்றவர்கள் எதை விட்டார்களோ அதையே நீங்களும் விடுங்கள்.

இரண்டு முதலாளிகள்

வடக்கில் ஃப்ரீலான்ஸ் என்றால் செய்தி மட்டும் செய்து பிழைக்க முடியாது. சிபிசி நார்த், ஏபிடிஎன், நுனட்சியாக் நியூஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் வேலை தவிர ஊராட்சிக்கு விண்ணப்பம் எழுதுவது, சுரங்கக் கம்பெனிக்குப் படமெடுப்பது, பள்ளியில் பயிலரங்கு நடத்துவது என்று எல்லாம் வரும். தவறு அதை ஏற்பதல்ல, ஆசிரியரிடம் மறைப்பது. கம்பெனி வாடகை விமானத்தில் ஓர் இருக்கை சும்மா கிடைத்தால் டிக்கெட் மிச்சம்தான். ஆனால் எதை, யாரைப் பார்க்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் கட்டுரையில் அதைச் சொல்லுங்கள். ஊதியம் வாங்கிய அமைப்பைப் பற்றிக் குறைந்தது ஓராண்டு செய்தி எழுதாமலிருப்பது நல்ல அளவுகோல்.

வேலை வெளியானபின் ஊருக்குத் திரும்பிப் போவதில்லை என்பது கடைசிக் குறை. முகநூல்தான் இந்த ஊர்களின் செய்தித்தாள். ஆனால் 2023 ஆகஸ்ட் முதல் முகநூல் நிறுவனமான மெட்டா கனடாவில் செய்தி இணைப்புகளைத் தடுத்துவிட்டதால் உங்கள் கட்டுரையை அங்கே பகிரவே முடியாது. பிடிஎஃப் ஆக்கிப் பேசியவர்களுக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், நாலு பிரதி அச்சிட்டுக் கூட்டுறவுக் கடைப் பலகைக்குக் கொடுங்கள், படங்களைத் தாளில் எடுத்துத் தபாலில் போடுங்கள். இதற்கெல்லாம் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'முழு உரிமையும் பதிப்பாளருக்கே' என்ற வரியைக் கண்டால், அந்த ஊருக்கு இலவசப் பிரதி தரும் விலக்கை எழுதி வாங்கியபின் கையெழுத்துப் போடுங்கள்.