குவார்டெட் கேட்க இயர்போன் போடுங்கள்

லண்டன் விக்மோர் ஹாலிலிருந்து பிபிசி ரேடியோ 3 ஒலிபரப்பும் திங்கள் மதியக் கச்சேரியில் ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், சற்றுப் பெரிய வியோலா, தாழ்ந்த குரலுள்ள செல்லோ என நால்வர் வாசிப்பது) வந்தால், இரு காதிலும் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். முதல் வயலின் இடப்பக்கம், அடுத்து இரண்டாம் வயலின், வலப்பக்கம் வியோலாவும் செல்லோவும் என்பதே வழக்கமான அமர்வு. ஸ்டீரியோவில் அந்த இடங்கள் அப்படியே பிரிந்து கேட்கும். இசையமைப்பாளர் ஹைடனின் குவார்டெட்டில் ஒரு மெட்டு கைமாறிப் போவதை இப்படித் தொடர்வது பேரின்பம்! நல்ல இருக்கைக்குச் செலவழிக்கவும் வேண்டாம். சில குழுக்கள் செல்லோவை நடுவில் அமர்த்துவார்கள், முதலிலேயே கவனித்துக்கொள்ளுங்கள். இரு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ ஒலிப்பதிவுகளுக்கும், சிக்னல் குறைந்து மோனோவுக்கு மாறிய எஃப்எம்முக்கும் இது பயன்படாது.