ஊருக்குப் போறீங்களோ? ஒரு ஸ்கானரையும் கொண்டு போங்கோ

இந்த முறை ஊருக்குப் போகேக்க சொக்லேட்டைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு கண்ணாடியில படத்தைக் கவிட்டு வைச்சு எடுக்கிற ஒரு ஃபிளாட்பெட் ஸ்கானருக்கு சூட்கேசில இடம் விடுங்கோ. 1995இல சண்டைக்குள்ள யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து சனம் இடம்பெயரேக்க சைக்கிள் கரியர்ல கட்டிக்கொண்டு போன பையுக்குள்ள காணி உறுதியும் கல்யாண அல்பமும் இருந்தது. எங்கட வீட்டில தப்பினது இப்பவும் பெரியம்மாவின்ர றங்குப்பெட்டிக்குள்ள தான் கிடக்கு, கறையானும் மாரி ஈரமும் வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது.

ஃபோன்ல எடுத்தால் காணாதோ எண்டு கேப்பீங்கள். வட்ஸ்அப்பில அனுப்பக் காணும், ஆனால் வெளிச்சம் பட்டு மினுங்கும், ஓரம் வளையும், பெரிசாக்கிப் பிரிண்ட் எடுத்தால் முகம் கலங்கிப்போகும். போன முறை நான் டவுன்ல ஒரு கடையில குடுத்துப் பாத்தன், அவையள் படத்தின்ர ஓரத்தை வெட்டி, முகத்தையும் மினுக்கித் தந்திச்சினம், அம்மம்மா மாதிரியே இல்லை. அண்டைக்கே முடிவெடுத்தன், இனி நானே செய்யிறது எண்டு.

கனன் லைட் 300 மாதிரி மெல்லிசு ஸ்கானர் 2 கிலோவும் வராது, லப்டொப் யூஎஸ்பியிலயே ஓடும், தனிக் கரண்ட் தேவையில்லை. ஊரில கரண்ட் 230 வோல்ட், கனடாவில 120, அதால அடப்டர் உள்ள ஸ்கானர் எண்டால் அதில 100-240 எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்திட்டுக் குத்துங்கோ, இல்லாட்டி எரிஞ்சுபோகும். மெல்லிசு ஸ்கானர்ல ஒரு குறை இருக்கு, கண்ணாடியில ஒட்டிப் படுக்கிறது மட்டும் தான் தெளிவா வரும், நெகட்டிவும் ஸ்கான் பண்ண ஏலாது. நெகட்டிவ் கனக்க இருந்தால் எப்சன் வி600 மாதிரி வேணும், ஆனால் அது பாரம்.

வேலை தொடங்க முதல் ஃபானை நிப்பாட்டுங்கோ, தூசி பறக்கும். துணியை லேசா ஈரமாக்கிக் கண்ணாடியைத் துடையுங்கோ, கண்ணாடியில நேர தண்ணி அடிச்சால் உள்ளுக்க இறங்கிடும். கடிதம், சேர்டிபிக்கேட் எல்லாத்துக்கும் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தினை புள்ளி எண்ட கணக்கு) காணும், படத்துக்கு 600, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர்லயே ஸ்கான் பண்ணுங்கோ, பின்பக்கத்தையும் விடாதேங்கோ, ஸ்டூடியோ சீலும் அப்பாவின்ர கையெழுத்துத் திகதியும் அங்க தான் இருக்கும். 70களில எடுத்த கலர்ப்படங்கள் சிவப்பாகிப் போயிருக்கும், அதைப் பிறகு கொம்பியூட்டர்ல திருத்தலாம், ஸ்கான் பண்ணேக்க ஓட்டோ கரெக்‌ஷன் வேண்டாம். தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலா சேவ் பண்ணினால் 4க்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐல 26 எம்பி அளவில வரும், அதுக்கேத்த ஹார்ட் டிஸ்க் ரெண்டு கொண்டு போங்கோ, ஒண்டு கைப்பையுக்க, மற்றது சூட்கேசுக்க.

பசை ஒட்டுற அல்பத்தில படம் இறுகியிருந்தால் நகத்தால கிளப்பாதேங்கோ, பல்லுக்குப் போடுற ஃப்ளொஸ் நூலை படத்துக்குக் கீழால மெதுவா அறுக்கிற மாதிரி இழுத்தால் பெரும்பாலும் கழரும், கழராட்டி அல்பத்தோட அப்பிடியே வையுங்கோ. பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன படத்தை மட்டும் தயவுசெய்து பிரிக்காதேங்கோ, முகம் கண்ணாடியோட போயிடும். அதை நிழல்ல வைச்சு ஃபோன்ல எடுக்கிறது தான் நல்லம்.

பழைய சீதன உறுதி எல்லாம் ஏ4ஐ விட நீளம், ஸ்கானருக்குள்ள அடங்காது. மேல் பாதி கீழ் பாதியா, நடுவில ரெண்டு அங்குலம் ரெண்டிலயும் வாற மாதிரி எடுத்துப் பிறகு கொம்பியூட்டர்ல ஒட்டலாம். கட்டின நூலையும் பின்னையும் கழட்ட வேண்டாம், மடிப்பை அழுத்தி நிமித்தவும் வேண்டாம். மை மறுபக்கம் தெரிஞ்சால் பின்னால ஒரு கறுப்புத்தாள் வையுங்கோ. ஓலையில எழுதின சாதகம் இருந்தால் மூடியை மூடாமலே எடுங்கோ, அழுத்தினால் வெடிக்கும்.

கல்வெட்டையும் மறக்காதேங்கோ. ஆக்கள் செத்து 31ஆம் நாள் நினைவாக் குடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்துக்குள்ள தான் பேரன் பேத்தி, சம்பந்தி, எந்த ஊர் எண்டு முழு வம்சமும் கிடக்கு. 2005இல தொடங்கின நூலகம் எண்ட இணைய நூலகத்தில ஈழத்துப் புத்தகங்கள், மலர்கள் எல்லாம் சேக்கினம், வீட்டாக்களின்ர சம்மதத்தோட அங்கயும் குடுக்கலாம். 1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சு சாம்பலானதைப் பாத்த சனம் நாங்கள், ஒரே ஒரு பிரதியை ஒரே ஒரு இடத்தில வைக்கிற பயம் எங்களுக்கு விளங்கும்.

ஒரு படம் ஸ்கான் ஆக அரை நிமிசம், ஒரு நிமிசம் எடுக்கும். அந்த நேரம் தான் எனக்குப் பொன். பெரியம்மாவைப் பக்கத்தில இருத்தி, ஃபோன்ல ரெக்கோர்டரைப் போட்டுட்டு, "உதில மூண்டாவதா நிக்கிறது ஆர் பெரியம்மா?" எண்டு கேளுங்கோ. பேர், ஊர், ஆற்ற கல்யாணம், எந்த வருசம் எல்லாத்தையும் அந்தக் கையோட ஃபைலுக்குப் பேரா அடியுங்கோ, பிறகு செய்யலாம் எண்டு விட்டால் ரொறன்ரோவுக்கு வந்து இருநூறு படத்தோட முழிக்க வேண்டி வரும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது படத்தோட நிப்பாட்டுங்கோ, அவையளுக்குக் களைக்கும், சில படத்தைக் கண்டால் அழுவினம், அண்டைக்கு மூடிவைச்சிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ.