மார்கழி மாடிக்குச் சிவப்பு: பாயின்செட்டியா நிறம் மாற என்ன செய்ய வேண்டும்?

போன வருடம் தை பிறந்தும் என் பாயின்செட்டியா செடி, மேலிலைகள் சிவக்காமல் பச்சையாகவே நின்றது. உரம், வெயில், தண்ணீர் எதிலும் குறை வைக்கவில்லை. இந்த வருடம் மார்கழி முதல் வாரத்திலேயே மேலிலைகள் குங்குமச் சிவப்பு. செய்ததைச் சொல்கிறேன்.

மண் கலவை வழக்கமானதுதான்: செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு. தொட்டி மட்டும் மண் தொட்டியாக வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் பிளாஸ்டிக் தொட்டிகளில் ஈரம் வடியாமல் எனக்கு இரண்டு செடிகள் வேர் அழுகிப் போயின.

ஆவணிக்குள் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். கிளைக்கு நான்கைந்து இலை இருந்தால் போதும். வடிகிற பால் சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைக் கத்தரி தண்டை நசுக்கும். தோட்டக் கத்தரி ஒன்று தனியாக வைத்திருப்பதுதான் நல்லது.

அடுத்ததுதான் நான் ஒரு வருடம் கோட்டைவிட்ட இடம். நாம் பூ என்று நினைக்கிற சிவப்பு உண்மையில் இலை. நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் மொட்டுகள்தான் பூ. இந்தச் செடி இரவின் நீளத்தைக் கணக்கு வைக்கிறது. அக்டோபரிலிருந்து எட்டு முதல் பத்து வாரம், தினமும் 13, 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு கிடைத்தால் இலை நன்றாகச் சிவக்கும். சென்னையில் டிசம்பர் இரவே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம், அதனால் இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. என் செடி நின்றதோ தெருவிளக்குக்கு நேர் எதிரே! நடுராத்திரியிலும் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தால் அதற்கு இரவு எப்படித் தெரியும்? இந்த முறை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினேன். பகலில் அங்கே நல்ல வெயில், இரவில் கும்மிருட்டு. மாடிப்படி விளக்கையும் மறக்காமல் அணைத்தோம். நவம்பர் கடைசியில் முதல் சிவப்பு தெரிந்தபோது வீட்டில் எல்லோரையும் மேலே கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, ஒரே சிவப்பு போதாதே. பக்கத்தில் குரோட்டன்ஸ் வையுங்கள். நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும், வெயில் வேண்டும். கோலியஸ் வாங்கவே வேண்டாம், யாரிடமாவது ஒரு கிளை கேட்டுத் தண்ணீரில் போட்டால் வேர் விடும். அதில் பூந்தண்டு எழும்பினால் உடனே கிள்ளுங்கள், இல்லையென்றால் இலை சிறுத்துவிடும். ஊதாவுக்கு டிசம்பர் பூவை மிஞ்ச எதுவும் இல்லை. பெட்டூனியாவை மட்டும் மழை ஓய்ந்தபின் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நாற்று அத்தனையும் எனக்கு அழுகியது.

பின்சேர்க்கை: பால்கனியில் இருட்டு மூலையே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். காலையில் எடுக்க மறந்தால் உள்ளே புழுங்கி இலை உதிரும், அதனால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இலைகள் முழுதாகச் சிவந்தபிறகு பெட்டி வேண்டாம்.