நிறை குறைக்கிற ஓப்பரேஷன் செய்யிறதா விடுறதா: கொழும்பில இருந்து யோசிக்கிற ஆக்களுக்கு

முதல்ல போன்ல கல்குலேட்டரைத் திறங்கோ. நிறையைக் கிலோவில அடிச்சு, உயரத்தால ரெண்டு தரம் வகுங்கோ, உயரம் மீற்றரில இருக்கோணும், வாறதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கு நிறை கூடவா எண்டு பார்க்கிற கணக்கு. 1.60 மீற்றர் உயரமான ஆள் 90 கிலோ எண்டா 35 வரும், 77 கிலோ எண்டா 30, 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேல எண்டா 27.5. இந்த மூண்டு நம்பரையும் ஏன் சொல்லுறன் எண்டா, 1991ல அமெரிக்காவில போட்ட பழைய கணக்குப்படி 40க்கு மேல இருக்கோணும், இல்லாட்டி 35க்கு மேல இருந்து கூடவே வேற வருத்தமும் இருக்கோணும், அப்பதான் இரைப்பையைச் சின்னனாக்கிற இந்த ஓப்பரேஷன். 2022ல சேர்ஜன்மாரின்ர ரெண்டு பெரிய சங்கங்கள் சேர்ந்து அதை மாத்தி, 35 எண்டா வேற வருத்தம் இல்லாட்டியும் செய்யலாம், சுகர் இருந்தா 30ல இருந்து, எங்கள மாதிரி ஆசிய ஆக்களுக்கு 27.5ல இருந்தே கதைக்கலாம் எண்டு சொல்லிச்சினம். எங்கட ஆக்களுக்குக் கை கால் மெல்லிசா இருந்தாலும் வயித்துக்குள்ள கொழுப்புச் சேர்ந்து குறைஞ்ச நிறையிலயே சுகர் வந்திடுது, அதுதான் காரணம்.

ஆனா 27.5 வந்திட்டு எண்டு உடன சேர்ஜனை சனல் பண்ண ஓட வேண்டாம். அந்த நம்பர், டொக்டரோட இதைப் பற்றிக் கதைக்கலாம் எண்டு மட்டும்தான் சொல்லுது, மிச்சத்தை நீங்கள்தான் யோசிக்கோணும்.

ஒரு கொப்பித்தாளில உங்கட வருத்தங்களை எழுதுங்கோ. சுகர், பிரஷர், ஃபட்டி லிவர், முழங்கால் நோ, பிசிஓஎஸ் (பொம்பிளையளுக்கு சூலகத்தில வாற ஹோர்மோன் பிரச்சினை), ராத்திரி குறட்டை விட்டு மூச்சு நிண்டு நிண்டு வாறது, எல்லாத்தையும், எத்தனை வருசமா எண்டதையும் சேர்த்து. அந்த வருசக் கணக்கு முக்கியம், ஏனெண்டா சுகர் வந்து ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள, குளிசையோட மட்டும் இருக்கிற ஆளுக்கு ஓப்பரேஷனால கிடைக்கிற நன்மை, பத்துப் பதினைஞ்சு வருசமா இன்சுலின் அடிக்கிற ஆளுக்குக் கிடைக்கிறதில்லை. அமெரிக்காவில கிளீவ்லாண்ட் கிளினிக்கில சுகர்காரர் 150 பேரை வைச்சுச் செய்த ஆராய்ச்சியில அஞ்சு வருசத்துக்குப் பிறகு பார்க்கேக்க, எச்பிஏவன்சி (மூண்டு மாசச் சராசரி சுகரைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) 6க்குக் கீழயோ 6லயோ நிண்டது இரைப்பை பைபாஸ் செய்தவையில 29 வீதம், ஸ்லீவ் செய்தவையில 23 வீதம் (ரெண்டும் இரைப்பையில செய்யிற ஓப்பரேஷன், கீழ விளக்கிறன்), மருந்து மட்டும் எடுத்தவையில 5 வீதம். மருந்தோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம்தான், ஆனா மற்றப் பக்கத்தையும் பாருங்கோ, ஓப்பரேஷன் செய்தவையிலயும் கனபேர் அந்த அளவுக்கு வரேல்லை. "செய்தா சுகர் சுத்தமா மாறிடும்" எண்டு ஆரும் சொன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.

தாளில வருத்தம் ஒண்டும் இல்லாம "வாற தை மாசம் தங்கச்சின்ர கலியாணம்" எண்டு மட்டும் இருந்தா, என்ர கருத்து, இப்போதைக்கு வேண்டாம். இன்னும் ஒண்டு சொல்லோணும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏதோ சொல்லிச்சினம் எண்டதுக்காக 24 வயசுப் பிள்ளையின்ர இரைப்பையை வெட்டக் கூட்டிக்கொண்டு போற தாய் தகப்பனும் இருக்கினம். கையெழுத்து வைக்கிறது அந்தப் பிள்ளை, வாழ்க்கை முழுக்க விட்டமின் விழுங்கப்போறதும் அந்தப் பிள்ளை, அவ தானா கேக்காட்டி அந்தக் கதையை எடுக்கவே கூடாது.

இனி என்ன என்ன இருக்கு எண்டு கெதியாப் பார்ப்பம். ஸ்லீவ் எண்டா இரைப்பையில 75, 80 வீதத்தை வெட்டி எடுத்திட்டு ஒரு குழாய் மாதிரி விடுறது, வெட்டினது வெட்டினதுதான், திருப்பி வைக்க ஏலாது. பசியைத் தூண்டுற கிரெலின் எண்ட ஹோர்மோன் கூடுதலா சுரக்கிற பகுதியும் அதோட போகுது, அதால முதல் காலத்தில பசியே வராது எண்டு செய்த ஆக்கள் சொல்லுவினம். பைபாஸ் எண்டா மேல ஒரு குட்டிப் பை விட்டு, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில நேரடியா பொருத்திறது. சராசரியா ஸ்லீவில மொத்த நிறையில கால்வாசி, பைபாஸில 30 வீதமளவு குறையும், பிறகு சில வருசத்தில கொஞ்சம் திரும்பி ஏறும், அது எல்லாருக்கும் நடக்கிறது. பலூன் எண்டு ஒண்டு இருக்கு, வெட்டுக் கொத்து இல்லை, ஆனா வழமையா ஆறு மாசத்தில எடுக்கோணும், எடுத்தாப் பிறகு பசி பழையபடி வந்து நிக்கும். இரைப்பையைச் சுத்திப் பேண்ட் எண்டு ஒரு பட்டி போடுறது இப்ப பெரும்பாலும் கைவிட்டாச்சு.

உங்களுக்கு ஏற்கனவே நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம் எண்டு இருந்தா இதைக் கட்டாயம் கேளுங்கோ. ஸ்லீவ் அதைக் கூட்டலாம். சுவிட்சர்லாந்தில ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு 2018ல வந்த அஞ்சு வருச முடிவில, முதலே நெஞ்செரிவு இருந்த ஆக்களில ஸ்லீவ் செய்தவையில மூண்டில ஒராளுக்குக் கிட்ட அது மோசமாப்போச்சு, பைபாஸில நூறில ஆறு பேருக்குத்தான். அதால என்டொஸ்கொப்பி (வாயால கமெராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிறது) செய்யாம "ஸ்லீவ் போடுவம்" எண்டு சொல்லுற இடத்தில "ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை" எண்டு கேட்டுப் பாருங்கோ, மறுமொழி என்ன வருது எண்டதிலயே கனக்க விளங்கும்.

ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில பத்து ஹொஸ்பிட்டலில 4,776 பேரைப் பார்த்து 2009ல வந்த கணக்கில முப்பது நாளுக்குள்ள இறந்தது 0.3 வீதம். பெரிய ஓப்பரேஷனுக்கு இது குறைவுதான், ஆனா பூச்சியம் இல்லை. தையல் போட்ட இடத்தால கசியிறது, ரத்தம் போறது, காலில ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போறது, இந்த மூண்டையும்தான் டொக்டர்மார் கூடப் பயப்பிடுறவை. சிகரெட் பத்திற ஆள் எண்டா முதல்ல அதை நிப்பாட்டோணும்.

சரி, இப்ப உண்மையான கதைக்கு வாறன். ஓப்பரேஷன் ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிடும், வார்ட்டில ரெண்டு மூண்டு நாள். கனபேர் அந்த நாளைப் பற்றித்தான் பயந்து பயந்து கேக்கினம், நீங்கள் கேக்கவேண்டியது மூண்டாவது வருசத்தில ஒரு சாதாரண செவ்வாக்கிழமை எப்பிடி இருக்கும் எண்டு. அண்டைக்கும் குளிசை போடோணும். மல்டிவிட்டமின், இரும்பு, கல்சியம், விட்டமின் டி, பி12, இதெல்லாம் சாகும்வரைக்கும், அதோட வருசத்துக்கு ஒருக்காவாவது ரத்தம் குடுத்துப் பார்க்கோணும். 2022ல மருந்துக்காக கொழும்பு முழுக்க பார்மசி பார்மசியா அலைஞ்சது ஆருக்கும் மறந்திருக்காது, அதால மாசம் எவ்வளவு முடியும் எண்டு பார்மசியில விலை கேட்டு எழுதி வையுங்கோ, ஓப்பரேஷன் செலவைவிட இந்த மாசச் செலவை உங்களால தாங்க ஏலுமா எண்டதுதான் முக்கியம்.

சாப்பாடு. ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரதம் எண்டு சொல்லுவினம். ஒரு முட்டையில 6 கிராமளவுதான் இருக்கு, ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுகூட கொள்ளாத வயித்துக்குள்ள மிச்சத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அதால முதல்ல மீன், முட்டை, கோழி, பருப்பு, தயிர், பிறகு மரக்கறி, கடைசியா இடம் இருந்தாத்தான் சோறோ இடியப்பமோ. எங்கட வீடுகளில இது தலைகீழ், கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில ஒரு துண்டு மீன். சைவக்காரர் கடலை, சோயாமீட், தயிர், பன்னீர் எண்டு கவனமாத் திட்டம் போடாட்டி சரிவராது. சாப்பிடேக்கயும் அதுக்குப் பிறகு அரை மணித்தியாலமும் தண்ணி, பிளேன்டீ ஒண்டும் இல்லை. இன்னொரு விசயம், ஓப்பரேஷன் கொத்து ரொட்டியைத்தான் தடுக்கும், ஃபலூடாவைத் தடுக்காது. ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக், வட்டிலப்பம், பால்தேத்தண்ணி எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ள போகும், நிறை திரும்பி ஏறின ஆக்களைக் கேட்டா அரைவாசிப் பேரின்ர கதை இனிப்பும் குடிக்கிற கலோரியும்தான் (நான் கதைச்சுப் பார்த்த ஆக்களை வைச்சுச் சொல்லுறன்). பைபாஸ் செய்தவை இனிப்புக் கூடச் சாப்பிட்டா வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயித்தாலயும் போகும்.

விரதம் பிடிக்கிற ஆக்கள் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணியோட மட்டும் இருக்கிறதைப் பற்றி முதலே டொக்டரிட்டயும் டயட்டீஷனிட்டயும் கேளுங்கோ, முருகனுக்கு விளங்கும், ஆனா உடம்பில புரதமும் தண்ணியும் குறைஞ்சா அதுக்கு விளங்காது. குடிக்கிற ஆக்கள், முக்கியமா பைபாஸுக்குப் பிறகு, ஒரு கிளாஸிலயே கெதியா ஏறும், அதுவே பழக்கமா மாறின ஆக்களும் இருக்கினம், ஏற்கனவே குடியில பிரச்சினை எண்டா முதல்ல அதுக்கு வழி பாருங்கோ. நோவுக்கு எண்டு கண்டபடி டிக்ளோஃபெனக், இபுபுரொஃபென் போடுறதும் பைபாஸ் செய்தவைக்கு இல்லை, புண் வரும்.

பிள்ளை பெற யோசிக்கிற பொம்பிளையளுக்கு: 12 இலிருந்து 18 மாசம் பொறுக்கச் சொல்லுவினம். ஆனா நிறை குறையத் தொடங்கின உடன, பிசிஓஎஸ் ஆல மாதச்சுகயீனம் ஒழுங்கில்லாம இருந்தவைக்கும் கர்ப்பம் எதிர்பாராம வந்திடும், அதால குடும்பக்கட்டுப்பாட்டைப் பற்றி ஓப்பரேஷனுக்கு முதலே கதைச்சு வையுங்கோ. முடி கொட்டும், மூண்டாம் மாசத்துக்குப் பிறகு, பெரும்பாலும் திரும்ப வரும். தோல் தொங்கும், அதுக்கு வேற ஓப்பரேஷன், வேற காசு.

இவ்வளவையும் வாசிச்சிட்டும் "எனக்கு ஏலும்" எண்டு தோணினா, ஒரு மாசம் ஒத்திகை பாருங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு விட்டமின் குளிசை, ஒரு நாளும் விடாம. சாப்பாட்டோட தண்ணி இல்லை. ஒரு வாய் வைச்சா நல்லா மென்டு இருபது நிமிசம் எடுத்துச் சாப்பிடுறது. பின்னேரம் காலி வீதியில ரோல்ஸ் கட்லட் கடையைத் தாண்டி அப்பிடியே கடற்கரைப் பக்கம் நடக்கிறது. இதில நிறை குறையுதா எண்டு பார்க்க வேண்டாம், பழக்கம் நிக்குதா எண்டு மட்டும் பாருங்கோ. கவலை வந்தா, கோவம் வந்தா சாப்பாட்டை அள்ளிப் போடுற ஆளா நீங்கள், அதையும் இந்த மாசத்தில எழுதி வையுங்கோ, அப்பிடி எண்டா ஒரு கவுன்சிலரையோ மனநல டொக்டரையோ முதல்ல பார்க்கிறது நல்லது, வயித்தைச் சின்னனாக்கினாலும் மனசில இருக்கிற பசி அப்பிடியே இருக்கும்.

நிறை குறைக்கிற ஊசிகளைப் பற்றியும் கேப்பியள் எண்டு தெரியும். செமாக்ளுட்டைட் ஊசியில சராசரி 15 வீதமளவு நிறை குறைஞ்சதா 2021ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, டிர்செபடைட் கூடின டோஸில 20 வீதத்துக்குக் கிட்ட, அது 2022ல. நல்ல மருந்துகள்தான். ஆனா செமாக்ளுட்டைட்டை நிப்பாட்டின ஆக்களுக்கு ஒரு வருசத்தில குறைஞ்சதில மூண்டில ரெண்டு பங்கு திரும்பி ஏறிட்டு. பிஎம்ஐ 30க்கு அங்கால இங்கால, ஓப்பரேஷன் பயம், மாசாமாசம் காசு கட்ட வசதி எண்டா முதல்ல இதைப் பற்றிக் கேக்கிறது நியாயம். 40க்கு மேல, சுகரும் மூச்சுப் பிரச்சினையும் எண்டா ஓப்பரேஷன் பக்கம்தான் தராசு சாயும் எண்டு நினைக்கிறன்.

கொழும்பில எங்க தொடங்கிறது? சேர்ஜனிட்ட நேர போகாம என்டோகிரைன் (ஹோர்மோன்) டொக்டரிட்ட போங்கோ, தைரொய்ட், கோர்ட்டிசோல் மாதிரி ஹோர்மோன் பிரச்சினையால நிறை ஏறியிருக்கா எண்டு அவைதான் பார்ப்பினம். காசு இல்லாட்டி பெரியாஸ்பத்திரியில என்டோகிரைன் கிளினிக் இருக்கு, ஜீபி டொக்டரிட்ட கடிதம் வாங்கிக்கொண்டு போங்கோ, காத்திருக்கோணும்தான், ஆனா அந்தக் காத்திருக்கிற காலம் ஒத்திகைக்கு உதவும். பிரைவேட் எண்டா டொக்டரின்ர பேரை இலங்கை மருத்துவ சபையின்ர பதிவில பார்த்திட்டு, எழுத்தில கொட்டேஷன் கேளுங்கோ. ஸ்டேப்ளர் சேர்ந்ததா (இரைப்பையை வெட்டித் தைக்கிற கருவி, அதுதான் பில்லைத் தூக்கிற சாமான்), ஐசியூ ஒரு நாள் சேர்ந்ததா, கசிவு வந்து திரும்ப தியேட்டருக்குள்ள கொண்டுபோனா அந்தக் காசு ஆர் கட்டுறது. இன்சூரன்ஸ் பொலிசியில உடல் பருமன் சிகிச்சையை விலக்கி வைச்சிருக்கினமா எண்டு நீங்களே வாசியுங்கோ, ஏஜென்டின்ர வாய்வார்த்தை காணாது.

சென்னைக்குப் போய்ச் செய்யிறது மலிவு எண்டு கனபேர் சொல்லுவினம். இருக்கலாம். அதுக்கு முதல், திரும்பி வந்து பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல், நெஞ்சுத் துடிப்பு, இடது தோள்மூட்டு நோ எண்டு வந்தா கொழும்பில எந்த சேர்ஜன் பார்ப்பார் எண்டு பேரோட எழுதி வைச்சிருக்கோணும், பேர் இல்லாட்டி டிக்கெட் போட வேண்டாம். அப்பிடி வந்தா காலமைவரைக்கும் பொறுக்காம 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாம வரும். நாள் கணக்கா சத்தி எடுத்துக்கொண்டே இருந்தாலும் அப்பிடித்தான், தயமின் எண்ட விட்டமின் பி1 குறைஞ்சா மூளை நரம்பில பிடிக்கும்.

முதல் தரம் போகேக்க கொண்டுபோறது: அந்த வருத்தத் தாள், இப்ப போடுற குளிசையளின்ர பேர், கடைசி ரத்த ரிப்போர்ட், இதுக்கு முதல் என்ன டயட் எல்லாம் செய்து எவ்வளவு குறைஞ்சு எவ்வளவு ஏறினது எண்டது, ஒத்திகை மாசக் குறிப்பு. சிங்களமோ இங்கிலீஸோ வடிவாக் கதைக்கிற ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒப்புதல் பத்திரத்தில இருக்கிறது விளங்காட்டி தமிழில சொல்லச் சொல்லிக் கேளுங்கோ, விளங்கும்வரைக்கும் கையெழுத்து வைக்க வேண்டாம், அண்டைக்கே முடிவு சொல்லவேண்டிய அவசரமும் இல்லை.