இளம் விண்மீனின் பீய்ச்சலை நீங்களே அளக்கலாம்

எச்எச் 47 (HH 47) என்பது ஓர் இளம் விண்மீன் வெளியே பீய்ச்சும் வாயுத் தாரை. அது நம் டர்பன் வானில், பிப்ரவரி, மார்ச் மாலைகளில் தெற்கே உயர ஏறி நிற்கும் வேலா விண்மீன் தொகுதியில் இருக்கிறது. தொலைவு சுமார் 1,470 ஒளியாண்டு. தூசிக்குள் ஒளிந்திருக்கும் இளம் விண்மீன், தன்னைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டிலிருந்து விழுங்கும் வாயுவில் ஒரு பங்கை வெளியே பீய்ச்சுகிறது. பீய்ச்சல் சீராக வருவதில்லை. பின்னால் வரும் வேகமான வாயு முன்னால் போவதை முட்டும் இடங்களே முடிச்சு முடிச்சாக ஒளிர்கின்றன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1994 முதல் எடுத்த படங்களைக் கோத்து, வானியலாளர் பேட்ரிக் ஹார்டிகன் குழு 2011-இல் அவற்றை ஓடவே வைத்துக் காட்டியது.

ஹபிள் படங்களை இலவசமாகத் தரும் மாஸ்ட் (MAST) இணையக் காப்பகத்தில் 'HH 47' என்று தேடி, ஹபிளின் டபிள்யூஎஃப்பிசி2 கேமரா படங்களில் ஆண்டு வேறான இரண்டை இறக்குங்கள். வடிகட்டி இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்: எஃப்656என், ஹைட்ரஜன் ஒளி.

டிஎஸ்9 (DS9) என்ற வானியல் படம் பார்க்கும் இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்து, ஃபிரேம் மெனுவில் டபிள்யூசிஎஸ்படி (WCS, படத்தோடு வரும் வான ஆயத்தொலைவு) பொருத்துங்கள். ஜூம் 1-இல் இரண்டையும் பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். பொருத்தியாயிற்று என்று இங்கே அளந்துவிடாதீர்கள். பழைய ஹபிள் படங்களின் ஆயத்தொலைவுகள் ஒரு விநாடிக்கோணம் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வரை தவறியிருக்கலாம். நாம் தேடும் நகர்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆகவே கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்தியில் (இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவே தேவையில்லை) இரண்டையும் அடுக்காக வைத்து, மேலடுக்கை 'டிஃபரன்ஸ்' முறைக்கு மாற்றுங்கள். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள். சரியான இடம் வந்ததும் பின்னணி விண்மீன்கள் கறுப்பில் கரைந்துபோகும், முடிச்சுகள் மட்டும் இரட்டையாக நிற்கும். முடிச்சை முடிச்சோடு பொருத்தினால் அளக்க வேண்டிய நகர்வே அழிந்துவிடும்.

அந்த இரட்டையின் இடைவெளியை அளங்கள். ஒரு பிக்சல் 0.1 விநாடிக்கோணம். உதாரணத்துக்கு 14 ஆண்டில் 16 பிக்சல் என்றால், 1.6-ஐ 14-ஆல் வகுத்து, 450 பார்செக்காலும் (அதே 1,470 ஒளியாண்டுதான்), விடையை நொடிக்குக் கிலோமீட்டராக்கும் 4.74-ஆலும் பெருக்குங்கள்: நொடிக்கு சுமார் 244 கிலோமீட்டர். டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் நேர்கோட்டில் சுமார் இரண்டு நொடி! இது வானத்தின் குறுக்கே போகும் வேகம் மட்டும், உண்மை வேகம் இன்னும் அதிகம்.

பின்சேர்க்கை: படம் முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது என்று டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். டிஎஸ்9-இல் 'ஸ்கேல்' போய் 'லாக்' தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் சேமியுங்கள். ஒரு படத்தில் மட்டும் வரும் கூர்மையான வெள்ளைப் புள்ளிகள் கேமராவில் மோதிய காஸ்மிக் கதிர்கள். அவற்றை விட்டுவிடலாம்.